அண்டாவில் வெந்த கிடாத் தலை

கோத்தகிரி பஜாரில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். கல்யாண ஜோடி, காபா, முருகன், பிளஸ் டூவில் மார்க் வாங்கிய பிள்ளை, போன மாதம் இறந்துபோன பெரியவர் என்று எல்லோருக்கும் ஒரே தேக்குக் கலர் சட்டம்தான். கண்ணாடிக்குப் பின்னால் போனவர்கள் யாரும் இதுவரை என்னைப் பயமுறுத்தியதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லாவற்றுக்கும் நான் பயப்படுவேன். ஊசி, லிப்ட், பாம்பு மாதிரி கிடக்கும் பைப், மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவில் டிரைவர் போனை எடுப்பது, எல்லாமே இதில் அடக்கம். என் மனைவி முனவ்வரா இதை வெளியில் விட்டுக்கொடுத்ததில்லை. “அவரு கொஞ்சம் ஜாக்கிரதையான ஆளுங்க” என்று சொல்லிவிடுவாள். நல்ல மனுஷி.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஷிஜோ வந்து ஒரு மண்டை ஓடு கேட்டான்.

ஷிஜோவுக்குக் கூடலூர்ப் பக்கம். இங்கே ஒரு பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்துகிறான். “பாய், ஹால்ல கொம்போட ஒரு மண்டை ஓடு மாட்டணும். பழைய துரை பங்களால கண்டிட்டுண்டோ? அந்த லுக் வேணும். யூரோப்பியன் மவுண்ட்.”

“காட்டு மாடு, மானுன்னு வாயெடுத்தீங்கன்னா இப்பவே ஷட்டர எறக்கிருவேன். ஃபாரஸ்ட்காரங்க என்னையச் சொவத்துல மாட்டிருவாங்க.”

“அய்யோ, அது வேண்டா. ஆட்டுக் கிடா போதும். நல்லா வளைஞ்ச கொம்பு. கெஸ்ட்டுக்கு என்ன தெரியும்?”

யூரோப்பியன் மவுண்ட் என்றால் தோல், பஞ்சு, கண்ணாடிக் கண் எதுவும் கிடையாது. தலையை வேகவைத்து, சதையை எடுத்து, எலும்பை வெளுக்கவைத்து, கொம்போடு ஒரு பலகையில் பொருத்தி மாட்டவேண்டும். அவ்வளவுதான். நான் பலகைக்காரன். பலகை மட்டும் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயந்த ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பயப்படுகிறோம் என்று எதிரே நிற்பவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவோம். “அதுக்கென்ன, பண்ணிரலாம்” என்றேன்.

முனவ்வராவின் தம்பி சர்தாருக்குக் கறிக்கடை. அவன் கொடுத்த முதல் தலையை நான் தளதளவென்று கொதிக்கவைத்து, வெளுப்பதற்காகப் பாத்ரூமுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறப்போட்டேன். மறுநாள் கையை விட்டு எடுத்தால் எலும்பு வர்க்கி மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. பற்கள் மட்டும் பக்கெட்டின் அடியில் சிரித்துக்கொண்டிருந்தன.

“மச்சான், நான் அத ஒரு தடவதான் அறுத்தேன். நீங்க ரெண்டாந்தடவ கொன்னுட்டீங்க” என்றான் சர்தார். ஆனாலும் இன்னொரு தலை கொடுத்தான்.

இந்த முறை யூடியூபில் தாடி வைத்த அமெரிக்கர் ஒருவரைக் குருவாக ஏற்றுக்கொண்டேன். தண்ணீர் கொதிக்கவே கூடாதாம். லேசாகச் சலசலத்தால் போதுமாம். சதை கழன்ற பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கொழுப்பை இறக்கவேண்டும். கடைசியாக வெளுக்க, பிளீச்சிங் பவுடரைத் தொடவே கூடாது. தலைமுடிக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் பூசுகிற பெராக்சைடு கிரீம்தான் சரி. அதைப் பக்கத்துக் கடை பியூட்டி பார்லர் ஸ்ரீமதியிடம் கேட்டேன். “யாருக்குங்க பாய், உங்களுக்கா?” என்று என் வழுக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு பாட்டில் கொடுத்தது அந்தப் பெண்.

முனவ்வரா போட்டது ஒரே நிபந்தனை. “ஏனுங்க, என் குக்கர், என் தேக்சா, என் கரண்டி எதுலயும் அந்தத் தலை படக்கூடாது. பட்டுச்சு, அப்புறம் உங்க தலைய நீங்களே தேடிக்கணும்.” அதனால் மொட்டை மாடியில் கிடந்த பழைய அலுமினிய அண்டாவை இறக்கினேன்.

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட்டிலிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே படிகள் இறங்கி வந்து பின்முற்றத்தில் முடியும். முற்றத்துக்கு ஒரு பக்கம் வீட்டுச் சுவர், எதிர்ப்பக்கம் மண் சரியாமல் கட்டிய கல் சுவர். படிக்கு நேர் எதிரே, முற்றத்தின் கடைசியில், தகரக் கதவு போட்ட வெந்நீர் ரூம். அதை ஒட்டி ஓர் ஆள் போகிற சந்து. சந்தைத் தாண்டினால் மறுபடி தேயிலைச் சரிவு, கீழே பள்ளத்தில் சோலை. ஆக, முற்றத்துக்கு வர வழி இரண்டே இரண்டு. மேலே படி, கீழே சந்து.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடையைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து, படி முடிகிற இடத்தில் மூன்று கல் வைத்து அண்டாவை ஏற்றினேன். போனை விறகு அடுக்கின் மேல் சாய்த்துவைத்து அமெரிக்கரை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாடை கிளம்பியது. ஈரக் கம்பளியும் கறிக்கடைச் சாக்கடையும் சேர்ந்து வெந்தால் எப்படி இருக்கும், அப்படி. அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வந்துவிடுவார்களே என்று பயந்து, அமெரிக்கர் சொல்லாத ஒரு காரியத்தைச் செய்தேன். சமையல்கட்டுக்குப் போய்ப் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, இரண்டு கை இஞ்சி பூண்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து அண்டாவில் போட்டேன். வாடை போனது. வாசம் வந்தது. ரம்ஜான் அன்றைக்குக்கூட என் வீட்டில் அப்படி ஒரு வாசம் வந்ததில்லை.

மேலே ரோட்டில் போன தெய்வம்மா நின்று எட்டிப் பார்த்தது. பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற பெண். “என்னா பாய், ஊட்டுல விசேசமா? ரோடு பூரா மணக்குது!”

“ஒண்ணுமில்லீங்க, சும்மா ஒரு தலை வேகுது.”

“அப்ப எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையுங்க.”

“இது சாப்புடறதுக்கில்லீங்க. சொவத்துல மாட்டறதுக்கு.”

தெய்வம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. “மொனவ்வரா வேலைக்குப் போயிருக்கா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வேகமாக நடந்தது.

மத்தியானத்துக்கு மேல் மூடுபனி ஏறி வந்தது. தலையை வெளியே எடுத்து, பழைய கத்தியால் சுரண்ட உட்கார்ந்தேன். கொம்பைப் பிடித்துத் திருப்பியபோது அது ‘ப்ளக்’ என்று உறை மாதிரி கழன்று கையோடு வந்தது. நான் கத்திய கத்தலில் கல் சுவர்மேல் இருந்த காக்கைகள் பறந்தன. வெந்தால் கொம்பின் மேலுறை கழலும், உள்ளே எலும்பு இருக்கும், கடைசியில் பசை போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று அமெரிக்கர் பிறகுதான் சொன்னார். இதையெல்லாம் முதலிலேயே சொன்னால் என்ன?

இரண்டு கொம்புகளையும் வெந்நீர் ரூமில் கொண்டுபோய் வைத்தேன். மிச்சம் இருக்கிற சதைக்காகத் தலையை மறுபடி அண்டாவில் இறக்கினேன். சுரண்டி எடுத்த சதை, கொழுப்பு, நாக்கு, கம்பியை விட்டுக் கலக்கி எடுத்த மூளை எல்லாம் ஒரு நீல பக்கெட்டில் இருந்தது. நாய் இழுத்துவிடுமே என்று அதையும் வெந்நீர் ரூமுக்குள் கொண்டுபோய், உள்ளே நின்றபடியே கதவைச் சாத்திவிட்டுக் கை கழுவினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

யாரோ சூடான டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சுகிற சத்தம். நல்ல பெரிய உறிஞ்சல். சர்தார் வந்துவிட்டானாக்கும் என்று நினைத்தேன். வாசத்துக்கு மயங்கி அண்டாவில் வாயை வைத்தே குடிக்கக்கூடிய ஆள்தான். “மச்சான், அது குடிக்கிற சூப் இல்ல” என்று சொல்லிக்கொண்டே கதவைக் கொஞ்சம் திறந்தேன்.

அண்டா கவிழ்ந்து கிடந்தது. கை கழுவிய தண்ணீர்ச் சத்தத்தில் அது விழுந்தது எனக்குக் கேட்கவில்லை. அடுப்பிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்கு நடுவே, படிகளின் அடியில், கன்னங்கரேலென்று முடி தொங்க ஒரு கரடி உட்கார்ந்து, கல் பாவிய தரையில் ஓடிய சாற்றை வழித்து வழித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதன் ஒரு கை கிடாத் தலையின் மேல் இருந்தது. கை என்று சொல்கிறேன். நகங்களைப் பார்த்தால் கொத்துமண்வெட்டி என்று சொல்லத் தோன்றும்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். கொக்கி உள்பக்கம் கிடையாது. ஒரு கயிறுதான் உண்டு. அதைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். போன் இருக்கிறதே, சர்தாரைக் கூப்பிடலாம் என்று பையைத் தடவினேன். போன் விறகு அடுக்கின் மேல் இருந்தது. கரடிக்கு ஓர் அடி தள்ளி அமெரிக்கர் இன்னும் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

சரி, அது குடித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கோத்தகிரியில் கரடி புதிதில்லை. பேக்கரிக்குள் போகும், கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கும், போய்விடும். என் சாற்றையும் குடித்துவிட்டுப் போகட்டும். நான் இங்கே மூச்சு விடாமல் இருந்தால் போதும். மூச்சு விடாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

போன் அடித்தது.

அமெரிக்கர் நின்றுபோனார். முனவ்வராவுக்கென்று நான் வைத்திருக்கிற தனி ரிங்டோன் முற்றம் முழுக்க ஒலித்தது. கதவு இடுக்கு வழியே பார்த்தேன். கரடி தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, போனை மோந்து, ஓர் உறுமல் உறுமி, ஒரே தட்டு. போன் கல் சுவரில் மோதி எங்கோ விழுந்தது. ரிங் நிற்கவில்லை. பிறகு நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முனவ்வரா தேயிலை பேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டிலிருந்து கூப்பிட்டு, “பால் இருக்குதுங்களா, வாங்கிட்டு வரட்டுங்களா?” என்று கேட்பாள். அதாவது, பஸ் வந்துவிட்டது. நான் எடுக்காவிட்டால், தூங்குகிறார் என்று நினைத்துப் பால் வாங்காமல் நேரே வருவாள். வரும்போது முக்காட்டுக்குள் இயர்போன் மாட்டியிருப்பாள். மேட்டுப்பாளையத்திலிருந்து அவள் அம்மா அனுப்புகிற வாய்ஸ் மெசேஜ் ஒவ்வொன்றும் பள்ளிவாசல் பயான் பிரசங்கம் நீளம் இருக்கும். அதைக் கேட்டபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, பனியில் படி இறங்கி வந்து, கரடியின் மடியில்தான் நிற்பாள்.

இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். கரடிக்குக் கண் மங்கல். தூரத்தில் சத்தம் கேட்டால் தானே விலகிவிடும். திடீரென்று பக்கத்தில் ஆள் முளைத்தால் எழுந்து முகத்தில் அறையும். பக்கத்து ஊரில் அப்படி அறை வாங்கிய ஒருவருக்கு நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய போட்டோவைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் மாட்டுவதற்கு அந்த முகம்தான் வேண்டும் என்றார்கள்.

வெந்நீர்த் தவலையின் மூடியை எடுத்துக் கதவில் தட்டக் கையை ஓங்கினேன். ஓங்கிய கை நின்றது. நான் இந்தப் பக்கமிருந்து தட்டினால் கரடி எந்தப் பக்கம் ஓடும்? சத்தம் வராத பக்கம். படி ஏறி மேலே. அவளுக்கு நேராக.

கத்தினாலும் அதேதான். அவளுக்குக் கேட்காது, கரடிக்குத்தான் கேட்கும். ஆக, அது அவள் பக்கம் போகாமல் இருக்க ஒரே வழி, என் பக்கம் வருவது. என் கதவை உரசிக்கொண்டு சந்து வழியாகக் கீழே போகவேண்டும். அதை யாராவது கூப்பிடவேண்டும். நான் அந்த ரூமில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன். நீல பக்கெட் மட்டும் இருந்தது.

கலிமா சொல்லிக்கொண்டேன். வார்த்தைகள் முன்பின்னாக வந்தன. கையிலிருந்த கயிற்றை அவிழ்க்கவே அவ்வளவு நேரம் ஆனது. கதவைத் தள்ளினேன். துருப்பிடித்த கீல் கிறீச்சிட்டது. கரடி உறிஞ்சுவதை நிறுத்தியது.

ஒரு துண்டுக் கொழுப்பை எடுத்து வீசினேன். எறிபந்தில்கூட நான் ஒழுங்காக எறிந்ததில்லை. அது என் காலடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் பொத்தென்று விழுந்தது. அடுத்ததைக் கொஞ்சம் பலமாக வீசினேன். முற்றத்தின் நடுவில் விழுந்தது.

“வாங்க” என்றேன். ஏன் மரியாதை கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் கொடுத்திருப்பீர்கள். “இங்க வாங்க. இங்க நெறைய இருக்குதுங்க.”

கரடி எழுந்தது. ஆடி ஆடி நடந்து வந்தது. உள்ளங்காலை உள்பக்கமாக வைத்து நடக்கிற அந்த நடையைத் தூரத்தில் பார்த்தால் சிரிப்பு வரலாம். நடுவில் கிடந்த துண்டு ஒரு நொடியில் காணாமல் போனது. காலடியில் கிடந்ததும் போனது. பிறகு அது தலையைத் தூக்கியது. ஈரமான நீண்ட மூக்கு, நெஞ்சில் வெள்ளைக் கோடு, என் மசாலாவின் பிரிஞ்சி இலை ஒன்று உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பூண்டு வாசத்தோடு அதன் மூச்சு என் முகத்தில் பட்டது.

பக்கெட்டை அதன் முன்னால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தவேண்டும் என்பது திட்டம். கை பக்கெட்டை விடவில்லை. விரல்கள் கைப்பிடியைச் சுற்றி இறுகிப்போயிருந்தன. கரடி பக்கெட்டுக்குள் முகத்தை விட்டுத் தின்ன ஆரம்பித்தது. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தட்டு பிடிப்பது மாதிரி. ஒவ்வொரு இழுப்புக்கும் என் தோள் குலுங்கியது.

அப்போது படியில் கறுப்பு அங்கி தெரிந்தது.

முனவ்வரா பாதிப் படி வந்திருந்தாள். குனிந்த தலையோடு இறங்கிக்கொண்டிருந்தவள், கவிழ்ந்த அண்டாவைப் பார்த்து நின்றாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் வாய் திறந்தது. நான் தலையை ஆட்டினேன். மெதுவாக, இடமும் வலமும். அதற்கு மேல் என்னால் எதுவும் முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை, அவளும் என் முகத்தை அப்படிப் பார்த்திருக்கமாட்டாள். போ, போ, போய்விடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். முதுகைத் திருப்பாமல் ஒரு கால் பின்னால் வைத்தாள். இன்னொரு கால். அங்கி தடுக்கியது, கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பனி அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. கடைசியில் அவள் செருப்பு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவள் மேலே போய்விட்டாள் என்று தெரிந்த அந்த நிமிடம் என் விரல்கள் தானாக அவிழ்ந்தன. பக்கெட் விழுந்த சத்தத்தில் கரடி துள்ளி எழுந்து நின்றது. என்னைவிட உயரம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் கன்னத்தில் ஏதோ முடி உரசியது. அப்புறம் சந்தில் கற்கள் உருளுகிற சத்தம், தேயிலைச் செடிகள் முறிகிற சத்தம், பிளாஸ்டிக் பக்கெட் எங்கோ கீழே தடதடவென்று இழுபட்டுப் போகிற சத்தம்.

ரோட்டில் முனவ்வரா தொண்டை கிழியக் கத்துவது அப்போதுதான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெய்வம்மா, பஸ் கண்டக்டர், டீக்கடைக்காரர் என்று ஒரு கூட்டமே தட்டு, தகரம், ஹாரன் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு படி இறங்கியது. கூட்டத்துக்கு முன்னால் முனவ்வரா விறகுக் கட்டையோடு வந்தாள். நான் வெந்நீர் ரூம் வாசலில், கையை இன்னும் பக்கெட் பிடித்த மாதிரியே வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“எங்கீங்க அடி பட்டிருக்குது?” என்று என் முகம், தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். அடி எங்கும் இல்லை என்றதும் அதே கையால் முதுகில் ஒன்று வைத்தாள். “மசாலா போட்டு வெச்சிருக்காரு பாருங்க, மசாலா!”

“நான் அப்பவே நெனச்சேன், பாய்க்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு” என்றது தெய்வம்மா.

அடுத்த சில நாட்கள் நான் பின்கதவுப் பக்கமே போகவில்லை. கிடாத் தலையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டதும், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பெராக்சைடு கிரீமைப் பூசியதும், பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயிலில் வைத்ததும் முனவ்வராதான். கரடி மென்றதில் மூக்கெலும்பில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. மற்றபடி மண்டை ஓடு பால் மாதிரி வெளுத்திருந்தது. நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று யோசனை சொன்னேன். “கொம்புல கிரீம் படக்கூடாதாம், நெறம் போயிருமாம்.” அவள் ஒரு பார்வை பார்த்தாள். நான் ஜன்னலையும் சாத்திக்கொண்டேன்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. பஸ் வருகிற நேரத்துக்கு நான் கடையைச் சாத்திவிட்டு ஸ்டாப்பில் போய் நிற்கிறேன். கையில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும். அவள் இறங்கியதும் முன்னால் நடந்து, படி முழுக்கத் தட்டிக்கொண்டே இறங்குவேன். முதல் நாள் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

“மானம் போவுதுங்க” என்றாள் முனவ்வரா.

“போகட்டும்.”

பாதிப் படியில், அன்றைக்கு அவள் நின்ற இடத்தில், நின்றாள். இயர்போனைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

“ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? கதவ நீங்களேதான் தொறந்தீங்களா?”

“காத்து வரட்டும்னு தொறந்தேன்.”

“பல்லு அடிக்குதே இப்பவும்.”

“குளிருது.”

கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. செடிகளுக்குள் ஏதோ அசைந்தது, காற்றாக இருக்கலாம், நான் தட்டுவதை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அவள் என் கையிலிருந்து தட்டையும் கரண்டியையும் வாங்கிக்கொண்டாள்.

“பின்னாடி வாங்க” என்று சொல்லி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓங்கித் தட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள். நான் அவள் முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.